அலையில்லாத நாளில் ஆடிய படகுகள்

காஞ்சிபுரத்தில் கடல் இல்லை. ஆனாலும் பிள்ளையார்பாளையத்து மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சத்யப்ரியா நாள் முழுக்கக் கடலோடுதான் மல்லுக்கட்டினாள். கீழே கணவன் தினகரன் தறியில் இருப்பான். மேலே அவள், துறைமுகங்களை வடிவமைக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, எந்த அலைக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஆபீசில் வழக்கமாகப் போடுவது, அலைகளைத் தனித்தனியே பார்க்காமல் அவற்றின் மொத்த சக்தியை மட்டும் பார்க்கும் கணக்கு. சீக்கிரம் முடியும், திறந்த கடலுக்கு நம்பி எடுக்கலாம். மீன்பிடித் துறைமுகம் ஒன்றை விரிவாக்கும் வேலை வந்தபோது அவளும் அதைத்தான் எடுத்தாள்.

வேலையைத் தொடங்குமுன் இடத்தைப் பார்க்கப் போனாள். அன்று கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. ஆனால் தடுப்புச் சுவருக்குள்ளே படகுகள் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கின, நின்றன, திரும்பி வந்து ஒன்றோடொன்று இடித்தன. கயிறுகள் முறுக்கிக்கொண்டு முனகின. மீன் விற்கும் கங்கையம்மாளிடம் கேட்டாள்.

"எப்பவுமே இப்படித்தாம்மா. போன மாசம் எங்க படகு பலகையே பொளந்துபோச்சு."

ஒரு ஆட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிஷம் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத நீள அலை உள்ளே புகுந்து, தொட்டித் தண்ணீர்போல் தளும்புகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் எடுத்த கணக்கில் இந்தத் தளும்பலுக்கு இடமே இல்லை.

வீடு திரும்பியதும் மேலதிகாரி வரதராஜனுக்குப் போன் செய்தாள்.

"உள்பக்கத்துக்கு வேற மாடல் போடணும் சார். ஒவ்வொரு அலையையும் தனியா பின்தொடர்ற மாதிரி."

"அதுக்கு வாரக்கணக்குல ஆகுமேம்மா. வெளிப்பக்கத்துக்கு இதுவே போதுமே?"

"வெளியே போதும் சார். படகு நிக்கறது உள்ளேதானே?"

அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, போடு. துறைமுகத்துக்காரங்ககிட்ட அவகாசம் நான் கேக்கறேன்" என்றார்.

முடிவு வந்ததும் அவள் அதை இரண்டு முறை சரிபார்த்தாள். திட்டப்படி, படகுகள் நிற்கும் உள்குளத்தை நீட்டினால் தளும்பல் இன்னும் கூடும். நீளத்தைக் குறைத்தாள், வாயிலைத் திருப்பினாள், மறுபடி மறுபடி கணக்கை ஓட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வடிவம் தேறியது. கம்பெனியும் துறைமுகத்துக்காரர்களுக்கு அதையே அனுப்பி வைத்தது.

அன்று சாப்பிடும்போது தினகரன் கேட்டான்: "அப்போ இனிமே படகு இடிக்காதா?"

"குறையும்பா. சுத்தமா நிக்காது."

"அதையும் எழுதிக் குடுத்தியா?"

"மொத பக்கத்துலயே எழுதிக்கீறேன்" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்காகத் தட்டை நீட்டினாள்.