கேணலுக்கு நாங்கள் சொன்ன மறுமொழி

எண்பதுகளில் ஒரு குளிர்காலம். சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் நகரில், அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாமல் சும்மா இருந்தோம். ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் நின்ற எங்கள் ஆறு பேரையும் ஓர் இளம்பெண் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பொலிஸாக்கும் என்று நினைத்து, நான் பஸ் நேரம் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அவள் படம் எடுப்பவளாம். சர்வாதிகாரி ஆளும் ஒரு தென்னமெரிக்க நாடு, அங்கே ஓர் இராணுவப் பள்ளி, அதில் வதைபடும் கடேற் மாணவர்கள். இதுதான் கதை. கறுத்த தலைமயிர்ப் பையன்கள் அந்த ஊரில் அவளுக்கு அகப்படவில்லை.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து ஆமி உடுப்புப் போடுறதோ?" என்றேன்.

"மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடாம். போடுவம்," என்றார் அண்ணை. எங்களில் மூத்தவர், கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தவரும் அவர்தான். மீசையை மழிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. சவரக்கத்தியோடு ஒருத்தி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் படப்பிடிப்பு. அந்த இராணுவப் பள்ளியை நடத்தும் கேணலாக நடித்தவர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மொட்டைத்தலை மனிதர். இடைவேளையில் எங்களுக்குச் சொக்லேட் உடைத்துக் கொடுப்பார். கமெரா ஓடத் தொடங்கினால் எங்கள் தாய்மாரையும் சேர்த்து ஏசுவார். ஏசி முடித்ததும் நாங்கள் ஒரே குரலில் மறுமொழி கத்த வேண்டும்.

"உங்கள் மொழியில் எதையாவது கத்துங்கள். பிறகு ஸ்பானிய மொழியில் குரல் சேர்ப்பேன்," என்றாள் அவள்.

அண்ணை எங்களைக் கூட்டிவைத்துக் குசுகுசுத்தார். பிறகு ஆறு நெஞ்சும் நிமிர்ந்தன.

"மொட்டைக் கழுதை, வீட்டை போ!"

முற்றம் அதிர்ந்தது. அவள் கண் கலங்கி, "இன்னொரு தடவை," என்றாள். நாங்கள் சந்தோஷமாக ஏழெட்டுத் தடவை கத்தினோம். ஊரில் ஆமி மறிக்கும் சென்றிப் பொயின்ற்றைக் கடக்கும்போதெல்லாம் விழுங்கிய சொற்கள் அல்லவா!

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். அந்த ஊரிலிருந்த தமிழ்ச் சனம் முழுக்க முன்வரிசையில். குரல் சேர்க்க வசதியில்லாமல் போயிருந்தது. எங்கள் சொந்தக் குரலே கணீரென்று கேட்டது, கீழே பிரெஞ்சில், "உத்தரவு, கேணல்!" என்று எழுத்து ஓடியது. முன்வரிசை வெடித்துச் சிரித்தது. பின்னால் கைக்குட்டையோடு விசும்பிக்கொண்டிருந்த சுவிஸ் அம்மா ஒருவர், "உஷ்!" என்று அதட்டினார்.

படம் முடிந்ததும் அவள் கேணலையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"ஏன் சிரித்தீர்கள்?"

அண்ணை தப்ப வழி பார்த்தார். கதவடியில் சனம். தொண்டையைச் செருமிவிட்டு உள்ளதைச் சொன்னார்.

அவள் வெறுந்திரையைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கடேற் பிள்ளைகளும் மனதுக்குள் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்," என்றாள் பிறகு. "இனி உங்கள் குரலை மாற்ற மாட்டேன்."

கேணல் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மொட்டை சரி. கழுதை எதற்கு?"

"அது இல்லாவிட்டால் தாளம் வராது, மிஸ்யூ," என்றார் அண்ணை.

அந்த மனிதர் வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார், காலாலும் ஒரு தட்டுத் தட்டினார். ஒத்துக்கொண்டதுபோலத் தலையாட்டிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் கோப்பி எடுக்கப் போனார்.