நூரிலாவின் மேசைக்கு வந்த காகிதம்

கோஸ்தனை நகரத்தில் ஜனவரி வந்துவிட்டால் வெளியே பனி, எங்கள் ஆலைக்குள் மாவு. கதவைத் திறக்கிற கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். எது எதற்குள் நுழைகிறது என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு வெண்மைக்கும் நடுவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் மக்பால்.

மூன்றாம் மாடியில் ஆய்வகம். மாவைப் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி, குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டே இருப்பது அவள் வேலை. வெள்ளை முழுக்கக் கரைந்து ஓடியபின் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் பிசின் ஒன்று மிஞ்சும். அதை இழுத்துப் பார்த்து, நல்ல கோதுமையா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கழுவும்போது யாராவது பேசினால் அவள் காதில் விழாது. தண்ணீர் அவளை எங்கோ கூட்டிப் போய்விடும்.

கீழே பதிவறையில் லாரிகளின் எடையைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எனக்கு எதிர் மேசை நூரிலா அக்காவுக்கு. ஆலைக்கு வரும் எந்தக் காகிதமானாலும் அவர் முத்திரை குத்தி எண் போட வேண்டும். எண் விழாத காகிதம் எங்கள் ஆலையில் பிறக்காத காகிதம்.

நூரிலா அக்காவுக்குப் பச்சையும் சாம்பலும் கலந்த வெளிறிய கண்கள். அந்தக் கண் பொல்லாது என்று ஆலை முழுக்கப் பேச்சு. ஓட்டுநர் ஒருவரின் புது பூட்ஸை நல்லா இருக்கு என்றார். அந்த வாரமே அடி பிய்ந்தது. புது போன் வாங்கியவர்கள் அவர் மேசையைத் தாண்டும்வரை பையிலேயே வைத்திருப்பார்கள். இது அவருக்கும் தெரியும். ஆள் வந்தால் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டுவார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு நடைபாதையில் மக்பாலைப் பார்த்து, "என்னடி, மூஞ்சி இப்படி மின்னுது?" என்று கேட்டுவிட்டார். மக்பாலுக்கு அப்போது மூன்றாம் மாதம். யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கரு கலைந்தது. யாரும் நூரிலா அக்காவை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். பதினேழு வாரம். மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "அஞ்சு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் ஆபீஸ் செவுத்துக்குக்கூடத் தெரியக் கூடாது." மக்பால் இரண்டு அளவு பெரிய வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, குர்த் என்னும் காய்ந்த உப்புத் தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சொல்லாமல் இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்தது. தானியத்தைக் கொட்டினால் உள்ளே விளக்கு ஒன்று எரியும். அரை நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடும். தண்ணீர் வேண்டாம், கை வேண்டாம். ஆய்வகத்துப் பெண்கள் நால்வரில் ஒருத்தி போதும் என்று முடிவானது. ஒரு மாத அவகாசம் கொடுத்து மற்ற மூவருக்கும் ஆள்குறைப்பு அறிவிப்பு வந்தது. மக்பாலும் அதில் ஒருத்தி.

பணியாளர் பிரிவுத் தலைவர் தௌரென் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"ஆள்குறைப்புல போனேன்னு இருந்தா அடுத்த எடத்துல ஒரு மாதிரி பாப்பாங்க தங்கச்சி. சொந்த விருப்பத்துல போறேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துடு. அரை மாசச் சம்பளம் கூடவே போட்டுத் தர்றேன்."

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

"யோசிக்க என்ன இருக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் மருத்துவ நிலையத்துக்குப் போனபோது இதைத் தாதி லாரிசாவிடம் சொன்னாள். லாரிசா ரத்த அழுத்தப் பட்டையை அவிழ்க்காமலே நிறுத்திவிட்டார்.

"நான் குடுத்த கர்ப்பச் சான்று எங்க?"

"பையில."

"பையிலயா? பையா உனக்கு முதலாளி?" என்றார் லாரிசா. "கேளு. கர்ப்பிணிய ஆள்குறைப்புல வெளிய அனுப்ப முடியாது. ஆனா அந்தச் சான்று அவங்க கையில போயிருக்கணும். சொந்த விருப்பம்னு எழுதினியோ, உன்ன யாரும் அனுப்பல, நீயே போனதா ஆயிடும்."

"போனா என்ன? பிரசவப் பணம் அரசு நிதியிலதான வருது?"

"வரும். பன்னெண்டு மாச வருமானத்தக் கூட்டி வகுப்பாங்க. வேலை இல்லாத மாசமெல்லாம் பூஜ்யம். பூஜ்யத்தக் கூட்டினா என்ன வரும், நீயே சொல்லு. லீவு முப்பதாவது வாரம் தொடங்குது. அதுவரைக்கும் அந்த நாற்காலிய விடாத."

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் முழுக்க உறைபனி. அதில் விரல் வைத்து ஓட்டை போட்டு அதன் வழியே நகரத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததாகப் பிறகு சொன்னாள். சான்று கையில் இருந்தது. அதைக் கொடுக்க வேண்டிய இடம் நூரிலா அக்காவின் மேசை. உலகத்தில் எவர் கண்ணுக்கு இதை மறைக்கிறாளோ அவர் கையிலேயே கொடுத்து, படிக்கச் சொல்லி, எண் வாங்க வேண்டும்.

அதனால் அவள் வேறு வழி பார்த்தாள். புதன்கிழமை மதியம் நூரிலா அக்கா சாப்பாட்டுக்குப் போனதும், சான்றை உறையில் போட்டு தௌரெனின் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தாள். நான் பார்த்தேன். நூரிலா அக்கா திரும்பி வந்ததும் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். அது என்ன உறை என்று அப்போது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மாலை தௌரென் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"கடிதம் எழுதிட்டியா?"

"அண்ணே, நான் ஒரு காகிதம் வச்சிருந்தேனே, உங்க கதவுல..."

"எந்தக் காகிதம்?" அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "நம்பர் போட்ட காகிதம் எதுவும் எங்கிட்ட வரல. நாளைக்குள்ள எழுதிடு."

அன்றைக்கு மக்பால் குழாயடியில் வெகுநேரம் நின்றாள். மாவு தீர்ந்துபோன பிறகும் வெறும் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளி காலை லாரிசாவிடம் போய்ப் புதுச் சான்றும் அதற்கொரு நகலும் வாங்கிக்கொண்டு நேராகப் பதிவறைக்கு வந்தாள். பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைத் தட்டும் பால் தேநீருமாக நூரிலா அக்கா உட்கார்ந்திருந்தார். மக்பால் கதவருகில் நின்றாள். ஒரு கை அங்கிக்குள்ளே வயிற்றின் மேல் இருந்தது. இன்னொரு கையில் காகிதம். எனக்கு எடை எண்கள் கலங்கிப் போயின.

"அக்கா, இதுக்கு நம்பர் வேணும்."

நூரிலா அக்கா வழக்கம்போலத் தலை நிமிராமல் கை நீட்டினார். வாங்கினார். முதல் வரியில் கண் பட்டதும் காகிதத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே லாரி ஒன்று எடைமேடையில் மெதுவாக ஏறியது.

"இத ஏன் புதன்கிழமையே எங்கிட்ட கொண்டு வரல?" என்றார், ஜன்னலிடம்.

மக்பால் அங்கியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"தெரியும். கேக்கக் கூடாதுதான்." தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். "உங்கூட அறிவிப்பு வாங்கின ரெண்டு பேரும் நேத்தே எழுதிட்டாங்க. சொந்த விருப்பம், சொந்த விருப்பம்னு. இந்தக் கையாலதான் நம்பர் போட்டேன். நீ எதுவும் எழுதலையே?"

"இல்லக்கா."

"எழுதாத."

ஜன்னலைப் பார்த்தபடியே கையால் துழாவி முத்திரையை எடுத்தார். பார்க்காமல் குத்தியதால் சான்றில் சாய்ந்து விழுந்தது, நகலில் இன்னும் சாய்ந்து. பதிவேட்டைத் திறந்தபோதுதான் குனிந்தார். 'பொருள்' என்ற கட்டத்தில் கர்ப்பம் என்று எழுதவில்லை. 'ஆய்வகம், மருத்துவச் சான்று' என்று எழுதினார். அந்தப் பதிவேட்டைப் பத்துப் பேர் புரட்டுவார்கள்.

"நகல் உனக்கு. பத்திரம். நான் எதையும் பாக்கலடி. நம்பரத்தான் பாத்தேன்."

பிறகு சான்றையும் பதிவேட்டையும் தாமே தூக்கிக்கொண்டு தௌரெனின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் கேட்டது.

"இதுல கையெழுத்து போடுங்க."

"அப்புறம் பாக்குறேன், வச்சிட்டுப் போங்க."

"வச்சிட்டுப் போற பழக்கம் எங்கிட்ட இல்ல. நீங்க போடுற வரைக்கும் நான் இங்கயே உங்களப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

தௌரென் போன மாதம்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். பேனா உடனே கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை ஆணை வந்தது. மக்பாலின் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதாக ஒரு வரி. அதன் கீழே, சொந்த விருப்பத்தில் விலகியவர்களாக மற்ற இருவரின் பெயர்களும் இருந்தன. படித்தேன் என்று கையெழுத்திட மக்பால் கீழே வந்தாள். போட்டாள். போகாமல் நின்றாள்.

"இன்னும் என்ன?" என்றார் நூரிலா அக்கா, மேசையைப் பார்த்தபடி.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு தடவ நிமிந்து பாருங்க."

நூரிலா அக்கா நிமிர்ந்தார். முகத்தை மட்டும் பார்த்தார். அந்த வெளிறிய கண்களை அவ்வளவு அருகில் யாரும் தாங்கி நான் கண்டதில்லை. பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பி மூன்று முறை மெல்லத் துப்புவதுபோலச் செய்தார்.

"கண்றாவியா இருக்க," என்றார். "உக்காரு, டீ ஆறுது."