பேசாத பெரியவர்

ஒட்டக்கா செய்த கொலைகள் ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். ஐந்து சரித்திர மர்ம நாவல்கள். ஐந்திலும் ஓர் அகழாய்வுக் குழி, குழிக்குள் ஒரு பழைய பிணம், அதற்குப் பக்கத்திலேயே சுடச்சுட ஒரு புதுப் பிணம். மூன்றாவது நாவலில் ஓர் அமைச்சரைச் சுண்ணாம்புக் காளவாயில் உயிரோடு தள்ளுகிறார் பாருங்கள், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு ரத்தம் சிந்த வைக்கிறவருக்குப் பகலில் ஒட்டுகிற வேலை. ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் அகழாய்வு நடக்கிறது. அங்கே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, உடைந்த பானைகளையும் மண்டையோடுகளையும் சில்லு சில்லாகப் பொருத்தி ஒட்டுவார். அதனால் ஒட்டக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "என்னது, ஒட்டகமா?" என்பார்கள். "ஆமா, முதுகுல ஏறிடாதீங்க," என்பார், தலையைத் தூக்காமலே.

அதே மேட்டில் மண்வெட்டி பிடித்தவர் அவருடைய அப்பா. வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'பெரியவர்'. இதில் ஒரு சிக்கல். குழியில் கிடைக்கும் எலும்புக்கூட்டையும் அங்கே பெரியவர் என்றுதான் சொல்வார்கள். எந்தக் காலத்து மனுஷனோ, எலும்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒருநாள் மேஸ்திரி, "பெரியவரைப் பெட்டியில வச்சு ஆணி அடிச்சாச்சு," என்று கத்த, பின்னாலிருந்து அப்பா, "எப்படா அடிச்ச? சொல்லவேயில்ல," என்று கேட்டாராம். கொட்டகையே குலுங்கிச் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பேசுற பெரியவர், பேசாத பெரியவர் என்று பிரித்துச் சொல்லும்படி ஏற்பாடு செய்தவன் அதே மேஸ்திரிதான்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். கிழக்குக் குழியிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது.

"ஒட்டக்கா, பேசாத பெரியவர் மண்டை உடைஞ்சுபோச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

அவசரமே இல்லாத குரல். அக்கா கையிலிருந்த பானை விளிம்பு காய்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பசை டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நடந்து போனார். ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்?

குழிக்குள் அப்பா கிடந்தார். பின்மண்டை உள்ளே அமுங்கியிருந்தது. ரத்தம் மண்ணில் ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது. கால் விரல்கள் மட்டும் இழுத்து இழுத்து அடங்கிக்கொண்டிருந்தன. மகள் பசை டப்பாவோடு மேலே நிற்கிறார்.

"சறுக்கி விழுந்துட்டாரு," என்றான் மேஸ்திரி. "பதட்டத்துல வாய் மாறிப்போச்சு."

போலீஸும் விழுந்தார் என்றே எழுதிக்கொண்டது.

வாய் மாறும்தான். ஆனால் அந்தக் கிழக்குக் குழியில் ஓர் எலும்புத் துண்டுகூடக் கிடைத்ததில்லை. மூச்சு ஓடுகிற மனிதரை ஒருவன் 'பேசாதவர்' கணக்கில் சேர்க்கிறான் என்றால், அவர் இனிப் பேச மாட்டார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அக்கா ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டார். "துக்கத்துல எதையாவது நினைச்சுக்காதீங்கம்மா," என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா கொல்லப்பட்டார் என்பதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைத் தவிர அக்காவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. யாரும் சொல்லாததால் தனக்குத் தெரிந்த வழியில் சொல்ல ஆரம்பித்தார். ஆறாவது நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. நான்காவது அத்தியாயத்தில் ஒரு மேஸ்திரி குழியிலிருந்து குரல் கொடுக்கிறான், அதே வார்த்தைகளில். துப்பறிகிறவள் அவனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறாள். அதோடு 'தொடரும்' போட்டிருந்தது.

மேடு முழுக்க அந்த இதழ் கை மாறியது. மேஸ்திரி டீ குடிக்க வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்வெட்டிப் பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு மேஸ்திரி அக்கா வீட்டு மாடிப்படி ஏறினான். கதவைத் திறந்தவர் அவருடைய வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக்.

"அடுத்த வாரம் அந்தக் கதை வரக் கூடாது."

"உட்காருங்க மேஸ்திரி, பேசிக்கலாம்," என்று அவர் நாற்காலியை இழுத்தார். குனிந்த தலையில் முதல் அடி விழுந்தது. காதோரம் கிழிந்து, சுவரில் ரத்தம் தெறித்தது. மேசையில் எழுதிக்கொண்டிருந்த அக்காவின் வலது கைமேல் அடுத்த அடி. இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டதாம்.

"எந்தக் கையால எழுதினியோ அந்தக் கை," என்றான்.

அக்கா இடது கையால் வீட்டுக்காரரின் பெரிய ஸ்பேனரை எடுத்து அவன் முழங்காலில் இறக்கினார். சில்லு பெயர்ந்து அவன் தரையில் சரிந்தான். மறுபடி தோளில் ஒன்று. பிறகு ஸ்பேனர் அவன் நெற்றிப்பொட்டுக்கு நேராக உயர்ந்தது.

"எந்த இடம் லேசா உடையும்னு எனக்குத் தெரியும்டா. தினம் அதைத்தான் ஒட்டுறேன்."

வலியில் அவனுக்கு வெறி ஏறியது. எதைச் சொன்னால் அக்காவுக்கு அதிகம் வலிக்குமோ அதைச் சொன்னான்.

"அடிடி. உங்கப்பனும் இப்படித்தான் முறைச்சான். குழியில கிடைச்ச ஒரு சின்ன வெண்கலப் பொம்மையை இடுப்புல சொருகினேன், அதுக்குக் கையைப் பிடிக்கிறான். மண்வெட்டியைத் திருப்பி ஒரே போடு. கோழி மாதிரி துடிச்சான், நீ ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையில் ஸ்பேனர் இறங்கியிருக்க வேண்டும். நானாக இருந்தால் இறக்கியிருப்பேன்.

"நல்லா கேட்டுச்சு," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். சத்தம் கேட்டு ஓடிவந்த கீழ்வீட்டுத் தையல்காரம்மா, கையில் கத்தரிக்கோலோடு. பின்னால் அவர் நாத்தனார். "இன்னொரு தடவை சொல்றியா? என் நாத்தனாருக்கு ஒரு காது மந்தம்."

"எனக்கும் கேட்டுச்சு அண்ணி," என்றார் நாத்தனார்.

அக்கா அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸ்டேஷன்ல வந்து சொல்வீங்களா?"

"செருப்பைப் போட்டுக்கிட்டுதான் வந்திருக்கேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார் ஒட்டக்கா.

மேஸ்திரி இப்போது உள்ளே இருக்கிறான். அடுத்த அத்தியாயம் ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது. மாவுக்கட்டுக் கையோடு அக்கா சொல்லச் சொல்ல, தலைக்கட்டோடு வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டினார். நான் பார்க்கப் போனபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"எங்க, படிங்க," என்றார் அக்கா.

"'மண்வெட்டி சுழன்றது. முதியவர் குழிக்குள் விழுந்தார்.'"

"விழுந்தார்னா நான் சொன்னேன்?"

"பின்ன என்ன போடணும்?"

"அடிச்சுக் கொன்னான்னு போடுங்க."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழித்தார். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.