மைதானத்தின் பூட்டு

என்னை இளைக்க வைத்தது உங்கள் திட்டம் இல்லை, ஐயா. மேடையில் நீங்கள் சொன்னது பொய்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஒரகடம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. குண்டுப் பிள்ளைகளை இளைக்க வைக்கிறோம் என்று உங்கள் கம்பெனி ஓர் எடை மெஷினையும் கட்டுக்கட்டாக நீலப் பனியன்களையும் கொண்டுவந்து இறக்கியது. எடை கூடினவர்களுக்கு மட்டும்தான் நீலப் பனியன். காலையில் பிரேயர் முடிந்ததும் எல்லோரும் பார்க்க மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சத்துணவுக்கும் தனி வரிசை.

"டேய், கன்டெய்னர் வருது, ஒத்திக்கோ!" என்று ஒரு பையன் கத்துவான்.

"ரிவர்ஸ்ல வந்தா சவுண்டு வுடும்டா!" என்பான் இன்னொருத்தன்.

எனக்கே சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போய்த் தனி வரிசையில் நிற்பேன்.

நான் ஏன் குண்டானேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா லாரியோடு வெளியூரில் இருப்பார். அம்மாவுக்கு உங்கள் கம்பெனியில்தான் வேலை, செகண்ட் ஷிப்ட். பள்ளி விட்டு நான் வருவதற்குள் போய்விடுவாள். "தாப்பா போட்டுக்கினு உள்ளயே குந்து. யார் கூப்டாலும் தொறக்காத. ரோட்டுல லாரிங்க பேய் மாதிரி போவுது" என்று தினமும் காலையில் சொல்வாள். உள்ளே நானும் டிவியும். கேன்டீனில் தனக்குக் கொடுக்கும் பஃப்ஸைத் தின்னாமல் எனக்காகக் கொண்டுவந்து வைத்திருப்பாள். அதைத் தின்றால் அவள் பக்கத்தில் இருப்பது போல இருக்கும். தின்றேன். பள்ளி மைதானம் எங்கள் ஜன்னலில் தெரியும். பள்ளி விட்டதும் அதைப் பூட்டிவிடுவார்கள்.

பனியன் வந்த பிறகு தனி வரிசையில் நிற்க வெட்கப்பட்டு மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன். இளைத்தது அதனால்தான். "இன்னாடி, பாவாட இடுப்புல நிக்க மாட்டுது? ஒடம்பு எதுனா சரியில்லையா?" என்று ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

ஆண்டு விழாவில், உங்கள் திட்டத்தால் இளைத்தவள் என்று என்னை மேடையேற்றினீர்கள். "என்ன வேணும், கேளு பாப்பா" என்று மைக்கை நீட்டினீர்கள். சைக்கிள் கேட்பேன் என்று நினைத்திருப்பீர்கள்.

"சார், சாயங்காலம் கிரவுண்டு கேட்ட தொறந்து வெக்கிறீங்களா? இருட்டுற வரிக்கும்?"

கூட்டம் சிரித்தது.

"அதுக்கு வாட்ச்மேன் போடணுமேம்மா! அவருக்கு சம்பளம் யார் குடுக்கறது, நீயா?" நீங்களும் சிரித்தீர்கள்.

தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் திணித்தீர்கள். என் தோளைத் தட்டி, குறைந்த செலவில் நிறைந்த பலன் என்று அறிவித்தீர்கள். கைதட்டல் எல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா வந்திருக்கிறாளா என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை. உங்கள் கம்பெனியில், புரொடக்‌ஷன் லைனில் நின்றுகொண்டிருந்தாள்.

பாட்டிலோடு வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பஃப்ஸ் தின்றேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நீங்கள் சொன்ன குறைந்த செலவு என் பட்டினிதான் என்று அப்போது புரியவில்லை. அடுத்த வருஷமே எடை திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்க உங்கள் மெஷின் வரவில்லை.

இப்போது அதே பள்ளிக்கு மறுபடியும் நீலப் பனியன் வருகிறதாம். என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. எனக்கும் செகண்ட் ஷிப்ட்தான்.

எப்படியும் மேடை போடுவீர்கள். அந்த மைக்கில், பெற்றவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்தப் பூட்டைத் திறந்து வைக்க என்ன செலவாகும் என்று ஒரு தடவையாவது கணக்குப் போட்டீர்களா, இல்லையா?