சத்தம் போடாத உறை

விரல் பட்டாலே கத்தும் அது. வழுவழுப்பான, மொறமொறப்பான பிளாஸ்டிக் உறை... நகத்தால் ஓரத்தைக் கொஞ்சம் நெருடினால் போதும்.

சர்ர்ர்...

உடனே கையை எடுத்துவிடுவேன். மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன்.

மாதாமாதம் நாங்கள் வைக்கும் பேட் இருக்கிறதே, அதன் உறையைத்தான் சொல்கிறேன். இந்த வயதிலும் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சீ, என்ன பெண்ணோ நான்!

ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக, குடும்பத்துக்கு ஒரு காம்பரா. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே முழுக்கத் திறப்பு. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் இருந்து "நூறு" என்பார்கள். கழிவறை தூரத்தில், அங்கே லைட்டும் இல்லை. அதனால் இருட்டிவிட்டால் எங்கள் காம்பரா மூலையில், அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால்தான் எல்லாம்.

திரை ஆளை மறைக்கும். சத்தத்தை என்ன செய்வது?

மழைக்காலத்தில் கவலையே இல்லை. தகரத்தில் மழை அடிக்கும்போது ஒரு கோட்டையையே இடிக்கலாம், யாருக்கும் கேட்காது. வெயில் மாதங்கள்தான் தொல்லை. யாராவது தேங்காய் துருவ வேண்டும், ரேடியோவில் பாட்டு உச்சத்துக்குப் போக வேண்டும், டிவியில் நாடகம் ஓட வேண்டும்... அதற்காகக் காத்திருப்பேன். நாடகத்தில் மாமியார் கத்தத் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம்!

அன்றைக்கும் அப்படித்தான். எல்லாக் காம்பராவிலும் ஒரே நாடகம், ஒரே சண்டை. இதுதான் சமயம் என்று தைரியமாக உறையை இழுத்தேன்.

பாதியில் கரண்ட் போய்விட்டது.

லயமே ஒரே நொடியில் ஊமையானது. என் கையில் இருந்தது மட்டும் நீளமாக, நிறுத்த முடியாமல், சர்ர்ர்ர்ர்...

சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பக்கத்து வீட்டு மாமாவின் குரல் வந்தது.

"யாரு அங்க பிஸ்கட் பெக்கட்ட ஒடைக்கிறது? எங்களுக்கும் ரெண்டு தாங்கப்பா!"

லயம் முழுக்கச் சிரிப்பு. அவருடைய சின்ன மகள் இருட்டிலேயே ஓடி வந்து வாசலில் நின்றாள். "அக்கா, எனக்கு பிஸ்கட்..."

தம்பி அழத் தொடங்கினான். அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் இருந்து கேட்டார். "ஏம்மா, தம்பிய விட்டுட்டா ஒளிச்சு வச்சு திங்கிற?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அடுப்படியில் இருந்து அவர்தான் குரல் கொடுத்தார்.

"விடுங்க, புள்ள பசியில தின்னுருச்சு. இதுக்குப் போயி..."

அப்படியே நான் பிஸ்கட் திருடி ஆனேன். உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் அப்பா பசறை டவுனுக்குப் போய்விட்டு வந்தார். என் கையில் ஒரு பெரிய பிஸ்கட் பெக்கட்டை வைத்தார்.

"வேணும்னா அப்பாட்ட கேளும்மா. எதுக்கு ஒளிக்கிற?"

சாப்பிட்டேன். தம்பிக்கும் பாதி கொடுத்தேன்.

காலம் எப்படியெல்லாம் விளையாடுகிறது பாருங்கள்... இப்போது எனக்குக் கொழும்பில் பெக்கேஜிங் டிசைன் வேலை. எதைத் தொட்டால் மனசுக்கு என்ன தோன்றும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. சொரசொரப்பான காகிதம் என்றால் கையால் செய்தது போல ஒரு நம்பிக்கை. டப்பா கனமாக இருந்தால் விலை கூடியது என்ற நினைப்பு. இப்படி.

போன வருடம் ஒரு புது பேட் எங்களிடம் வந்தது. மலையகத் தோட்டங்களிலும் விற்கப் போகிறார்கள். மேசையில் உறை சாம்பிள்களைப் பரப்பி வைத்திருந்தோம். எங்கள் மேலாளர் சேர் ஒன்றை எடுத்துக் காதோரம் கசக்கிப் பார்த்தார்.

"இதுதான். இந்தக் கரகர சத்தம் கேட்டாலே புதுசு, சுத்தம்னு மனசுல படும்."

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் முகம் எரியத் தொடங்கியது. ஏசி ரூமில்! பேசாமல் இருந்தால் அந்த உறைதான் கடைக்குப் போகும். எத்தனை திரைகளுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் மூச்சைப் பிடிக்குமோ. பேசினாலோ, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

துணி மாதிரி மெத்தென்று இருந்த இன்னொரு சாம்பிளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இது நல்லம் சேர். லயத்துல சுவர் கூரை வரைக்கும் இல்ல. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அந்தப் புள்ளைங்க வெக்கப்படுவாங்க."

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்க உள்ளவங்க சொன்னாங்க," என்றேன்.

மெத்தென்ற உறைதான் தேர்வானது. எல்லோரும் பாராட்டினார்கள். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என்னுடைய கதை என்று சொல்ல வாய் வரவில்லையே என்று உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போனேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பசறையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். நாங்கள் செய்த பெக்கட் தட்டில் இருக்கிறதா என்று பார்க்கவும், ஒன்று வாங்கவும்தான் போனேன். இருந்தது. எனக்கு முன்னால் ஸ்கூல் யூனிஃபோர்மில் ஒரு பிள்ளை அதைத்தான் கேட்டாள்.

கடைக்காரர் பழைய பேப்பரை எடுத்தார். "சுத்தித் தரவா தங்கச்சி?"

"வேணாண்ணே, அப்படியே தாங்க. நமுனுகுல பஸ் வந்துரும்."

வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் வந்துவிட்டது. பெக்கட் இருந்த கையையே உயரத் தூக்கி, எல்லோரும் பார்க்க, அந்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போனாள்.

அந்த வயதில் நான் ஒரு உறையைக் கிழிக்க மழைக்குக் காத்திருந்தவள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்கூடக் கலங்கியது. ஆனால் அவள் கையைத் தூக்கியபோது, யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தவள் நான்தான்.

"ஒங்களுக்கு என்னங்க மிஸ்?" என்றார் கடைக்காரர்.

பின்னால் இரண்டு ஆம்பளைகள் வந்து நின்றிருந்தார்கள்.

"ஒரு குளிக்கிற சவுக்காரம் தாங்க," என்றேன்.