பாஞ்சாலி அத்தை வாய் திறந்த நாள்

சூரனை வதைத்த கோபம் தணிய முருகன் திருத்தணிக்கு வந்தார் என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பாஞ்சாலி அத்தை இங்கே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தால், சாமி வேறு மலையைப் பார்த்துப் போயிருப்பார். அவ்வளவு பேச்சு. உலகத்தில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. செவ்வாய் கிரகத்திலும் விசாரித்துவிட்டேன். ஸ்டேஷனில் ஏறுகிற நகரி, புத்தூர்க்காரர்களிடம் தெலுங்கில் ஆரம்பித்தாரென்றால், மலையடிவாரத்தில் இறங்கும்போது எங்கள் ரேஷன் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் பேச்சைத்தான் நான் நிறுத்தினேன். காரணம், கோர்ட்.

அத்தையின் தங்கையும் அவள் கணவரும் விபத்தில் போனபிறகு, அவர்களுடைய ஐந்து வயது மகள் ஷோபனா, குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். அவளைத் தன்னிடம் தரச்சொல்லி அத்தை மனு போட்டிருந்தார். அப்போதிருந்த நீதிபதிக்கு வளவளவென்று பேசினால் ஆகாது. "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லும்மா" என்பார். அத்தை ஷோபனா பிறந்த கதையிலிருந்து தொடங்குவார். கேட்டதற்குப் பதில் வருவதற்குள் வாய்தா விழும்.

அதனால் ஆட்டோவிலேயே, ஓட்டுகிற அத்தைக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு பயிற்சி வைத்தேன்.

"அத்தை, ரெண்டு வார்த்தை. மூணாவது வந்தா ஹாரன்."

"நீ யார்ரா எனக்கு..."

பாம்!

சவாரிக்காரர்கள் முன்னாலும் அடித்தேன். எனக்கு ஹாரன் அடிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அத்தை தேறிவிட்டார். அடுத்த வாய்தாவுக்குப் போனால், நாற்காலியில் வேறு நீதிபதி. பழையவருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். புதிதாக வந்த அம்மா முதலிலிருந்து விசாரித்தார்.

"குழந்தையை ஏன் கேக்கறீங்க?"

"வளக்கங்க."

"எப்படி வளர்ப்பீங்க?"

"நல்லாங்க."

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெறையங்க."

நீதிபதி பேனாவை மூடினார். "இவங்களுக்கு நிஜமாவே விருப்பமா, இல்ல யாராவது தள்ளிவிட்டாங்களா?" என்று எங்கள் வக்கீலிடம் கேட்டார்.

பிறகு ஷோபனாவைப் பக்கத்தில் அழைத்தார். "இவங்க யாரும்மா?"

"பெரியம்மா. ஞாயித்துக்கெழம வந்தா பேசிகினே இருக்கும். இன்னிக்குத்தான் பேசல." ஷோபனா அத்தையை உற்றுப் பார்த்தாள். "பெரியம்மா, ஒனக்கு ஜொரமா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது.

"ஜொரம் எனக்கில்லடி கண்ணு! தோ நிக்கிறானே எங்கண்ணன் புள்ள, ஹாரன் அடிச்சி அடிச்சி என் வாய மூடிட்டான்! அம்மா, இவளுக்கு இன்னா புடிக்கும்னு கேட்டீங்களே, தயிர்சோத்துல வெல்லம் போட்டுத் தின்னுவா. ஆடுன்னா பயம், மாடுன்னா பயமில்ல. என் காதப் புடிச்சிகினுதான் தூங்குவா..."

நீதிபதி நிறுத்தவே இல்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். ஓரமாக நின்ற டவாலிகூடச் சிரித்துவிட்டார். கடைசியில், "போதும்மா, உத்தரவு எழுத எனக்கும் கொஞ்சம் நேரம் குடுங்க" என்றார்.

வீட்டைப் பார்க்கக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து போனார். அடுத்த வாய்தாவில், ஷோபனா இனி அத்தையிடம்தான் என்று உத்தரவானது.

அவர்கள் வெளியே வருவதற்குள் நான் எதிர் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஷோபனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை தேடி வந்தார்.

"இன்னாடா, கண்ணுல தண்ணி?"

"மொளகா பஜ்ஜி, அத்தை. செம காரம்."

அத்தை என் கையிலிருந்ததில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். மீதியைப் பிடுங்கி ஷோபனாவுக்கு ஊட்டினார்.

"வாழக்கா பஜ்ஜிடா, நைனா."