குழிக்குள்ளிருந்து கேட்ட மூச்சு

எங்கள் மாவு மில்லின் வாசலை ஒரு திங்கட்கிழமை காலையில் வெட்டிப் போட்டார்கள். எண்பதுகளின் கடைசி அது, ஆவணி மாதம். அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். தெருவுக்குக் குடிநீர் வரப்போகிறது, பெரிய குழாய் பதிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஒரு வாரத்தில் மூடிவிடுவோம் என்று வேலையை எடுத்த காண்ட்ராக்டர் சொன்னார். அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

என் பெயர் எஸ்தர். என் வீட்டுக்காரர் தங்கராஜ். அந்த மில் ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அரிசி, கோதுமை, மிளகாய், மல்லி எல்லாம் அரைப்போம். சோழபுரத்திலிருந்துகூட பஸ் ஏறி வருவார்கள். மில்லுக்குப் பின்னால் இருந்த ஒரே அறையில்தான் எங்கள் குடித்தனம்.

ஆள் உயரத்துக்கு மேல் குழி. தெருவின் இரண்டு பக்கமும் மண் மேடு. என் வீட்டுக்காரர் குழிமேல் ஒரு பலகையைப் போட்டார். கையில் தூக்குச்சட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவர்கள் அந்தப் பலகையில் எப்படி நடப்பார்கள்? துணிந்து வந்த ஒரு அம்மா வழுக்கி விழுந்தார். தீபாவளிப் பலகாரத்துக்காகக் காயவைத்துக் கொண்டுவந்த அரிசி முழுவதும் சேற்றில் போய்விட்டது. அவர் அழுதுகொண்டே எழுந்து போனார். மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் எங்கள் மில் சத்தம் அடங்கவே அடங்காது. அந்த வருஷம் மோட்டாரைப் போடவே இல்லை. குழாய் வந்து சேரவில்லை, அதனால் வேலை நிற்கிறது என்றார்கள். எதிரில் டீக்கடை வைத்திருந்த ராஜு அண்ணன் ஒரு நாள் பாய்லரை மாட்டுவண்டியில் ஏற்றினார்.

"எங்கண்ணே போறிய?" என்று கேட்டேன்.

"எங்கியாச்சும் ஆள் நடக்கிற தெருவுக்கும்மா" என்றார்.

அவர் திரும்பி வரவில்லை. சலூன்காரரும் கடையைப் பூட்டினார். தெருவே செத்த வீடு மாதிரி ஆனது.

என் வீட்டுக்காரர் பஞ்சு குடோனில் மூட்டை தூக்கப் போனார். சாயங்காலம் வந்தால் ஓடாத மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். ஜெபத்துக்குக் கூப்பிட்டேன்.

"ஜெபம் பண்ணி என்னட்டி ஆச்சு? குழிதான் ஆழமாகிக்கிட்டே போகுது" என்றார்.

நான் மட்டும் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த மில்லை எங்களுக்குத் திருப்பிக் கொடும் என்று தினமும் கேட்டேன். வானம் கல்லாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் சிமெண்ட் குழாய்கள் வந்து, மழையின் இடைவெளியில் அவற்றைக் குழிக்குள் இறக்கினார்கள். ஆள் தலை நுழையும் அளவுக்கு வாய் அகன்ற குழாய்கள். வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தவர்கள் எங்கள் வாசலோடு நிறுத்தியிருந்தார்கள். ஒரு காலையில் எங்கள் முன்சுவர் வெடிப்பு விட்டது. அஸ்திவாரத்து மண் கரைந்து குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. மண் நிரப்பிய சாக்குகளை அண்டக்கொடுத்தால் சுவர் நிற்கும் என்றார் என் வீட்டுக்காரர்.

"குழிக்குள்ள எறங்காதிய. மண்ணு ஊறிப்போய்க் கெடக்கு."

"செத்த நேரம்தான். இந்தச் செவரும் போச்சுன்னா பொறவு நமக்கு என்ன இருக்கு?"

இறங்கிச் சாக்குகளை அடுக்க ஆரம்பித்தார். இன்னொரு சாக்கு எடுக்க உள்ளே திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை. வாசலும் இல்லை. அவர் நின்ற இடத்தில் மண்தான் இருந்தது.

குழி தோண்ட வந்தவர்கள், சேலம் பக்கத்து ஆட்கள், மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். வாசலே தெரியாமல் மண் மூடிக் கிடந்ததால் என்னால் இடத்தைக் காட்ட முடியவில்லை. சுவர் விழுந்த பக்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் சரிந்தது. "இம்புட்டு நேரம் ஆச்சே, இனிமே எங்க" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தச் சேற்றிலேயே விழுந்தேன். மில்லைக் கேட்கத் தோன்றவில்லை. வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இயேசுவே, மூச்சு. அவருக்கு மூச்சக் கொடும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போது தெருவின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு கூச்சல். மண் சுமக்கும் முனியம்மா, குழாய் வரிசையின் அந்த முனையில் இறங்கி, வாய்க்குள் தலையை விட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா! உள்ள மூச்சு வாங்குற சத்தம் கேக்குது! உசுரு இருக்குதக்கா!"

அவர் தலை இந்தப் பக்கத்துக் குழாய் வாய்க்குள் போயிருந்தது. உடம்பெல்லாம் மண்ணுக்கடியில். மூக்குக்கு மட்டும் குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. இடம் தெரிந்துவிட்டது. மண்வெட்டி பட்டுவிடும் என்று அதைத் தூர எறிந்துவிட்டுக் கைகளாலேயே அள்ளினார்கள். முனியம்மாவின் நகங்களில் ரத்தம். மதியத்துக்குள் வெளியே எடுத்தார்கள். கண் திறந்து, "எஸ்தரு" என்றார்.

முனியம்மாவை அங்கே தலையைக் குனியச் சொன்னது யார்? அவளிடமே கேட்டேன். "தெரியலக்கா, தோணுச்சு" என்றாள். எனக்குத் தெரியும்.

அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெகுநாள் வைத்திருந்தோம். நசுங்கிய வலது காலின் முழங்கால் மடங்காமலே போய்விட்டது. மிஷினையும் மோட்டாரையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டோம். பங்குனியில் குழியை மூடினார்கள். தெருவில் தண்ணீரும் வந்தது. அதைப் பிடிக்க நாங்கள் அங்கே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டோம்.

இங்கே நான் வேறொருவர் மில்லில் மாவு அரைக்கிறேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே தேய்ந்த மில் கல்லைக் கொத்திக் கொடுக்கிறார். சுந்தரபாண்டியத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறார்கள். வலி இல்லாத நாள் கிடையாது. ஆனால், ஜெபத்தால் என்ன ஆயிற்று என்று கேட்ட மனுஷன், இப்போது விடியுமுன் என்னை எழுப்பி ஜெபிக்கக் கூப்பிடுகிறார்.

மில்லைக் கேட்டேன், கிடைக்கவில்லை. அதை மறைக்க நான் இங்கே நிற்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரியது போக இருந்தது. அதைக் கர்த்தர் போக விடவில்லை.

ஆராதனை தொடங்கிய பிறகு இரண்டு பேர் மெதுவாக வந்து கடைசியில் உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அது நாங்கள்தான். உங்களில் யாருக்காவது வாசல் அடைபட்டுப் போயிருந்தால், கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்திருந்தால், முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். சேர்ந்து கேட்போம். என் வீட்டுக்காரரால் முழங்கால் மடக்க முடியாது. அவருக்கும் சேர்த்து நான் போடுகிறேன்.